லேசரும் கலர்த் தாளும்: மண்டபம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் லேசர், ஃபில்டர், மீன் தொட்டி, பழைய சிடி எல்லாம் வைத்து ஏதாவது செய்து பார்ப்பது என் வழக்கம். தெருப் பிள்ளைகள் வருவார்கள். பின்னாலேயே அவர்களைப் பெற்றவர்களும் வருவார்கள், தொழிலுக்குப் போகாத நாளில் கடல்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். கேட்கிற ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, லேசரும் டார்ச் லைட்டும் ரெண்டும் வெளிச்சம்தானே, என்ன வித்தியாசம்?

டார்ச் வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கும், போகப்போக விரிந்துவிடும். லேசரில் ஏறக்குறைய ஒரே ஒரு நிறம்தான். அதுவும் அதிகம் விரியாமல் ஒரே கோடாகப் போகும். நிறத்தை அலைநீளத்தால் சொல்வோம், அதாவது ஒளி அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள நீளம். அதை நானோமீட்டர் என்ற மிகச் சிறிய அளவில் அளப்பார்கள். சிவப்புப் பாயின்டர் பெரும்பாலும் 650 நானோமீட்டர், பச்சை 532, வயலட் 405. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

1960 மே மாதம் தியோடர் மைமன் அமெரிக்காவில் முதல் லேசரை ஒரு மாணிக்கக் கம்பியை வைத்துச் செய்தார். இன்று அதே சங்கதி சாவிக்கொத்தில் தொங்குகிறது. கைக்கு எளிதாக வந்துவிட்டதாலேயே அதன் மேல் இருக்க வேண்டிய பயம் போய்விட்டது. எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

ஃபில்டர்னா வெளிச்சத்துல கலர் சேர்க்கிற தாள்தானே?

சேர்ப்பதில்லை, எடுப்பதுதான். பரிசுப் பொருள் சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சுக்கு முன்னால் பிடித்தால், தாள் சிவப்பைப் போக விட்டு மற்ற நிறங்களை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் வருவதுதான் சிவப்பு. உள்ளே இல்லாத நிறத்தை எந்தத் தாளும் வெளியே தராது.

இன்னொரு வகை ஃபில்டர் உண்டு. பழைய புரொஜெக்டரைப் பிரித்தால் கிடைக்கும் கலர்க் கண்ணாடி அந்த வகை. அது வேண்டாத நிறத்தை விழுங்காது, கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாடு பின்னால் ஒரு கேள்வியில் வரும்.

அப்ப பச்சை லேசருக்கு முன்னாடி சிவப்புத் தாள் வச்சா ஒளி சிவப்பா மாறாதா?

மாறாது. பச்சை லேசரில் பச்சை மட்டும்தான் இருக்கிறது. சிவப்புத் தாள் பச்சையை விழுங்கிவிடும், மிச்சம் ஒன்றுமில்லை, அல்லது மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதே தாளில் சிவப்பு லேசரை அடித்தால் தாள் இருப்பதே தெரியாத மாதிரி போய்விடும். முதல் நாள் வருகிற பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இதைத்தான். டார்ச்சில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நிஜமான ஆச்சரியம்.

சங்கு குளிக்கப் போறப்ப கை கிழிஞ்சா, அடியில ரத்தம் பச்சையாத் தெரியுது. மேல வந்தா சிவப்பு. அது ஏன் தம்பி?

கீழக்கரைப் பக்கம் பல வருடம் சங்கு குளித்த ஒரு பெரியவர் கேட்டது. நான் கேட்டதிலேயே அழகான கேள்வி. அவர் சொன்ன அடுத்த நிமிடமே பிள்ளைகள் அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள்.

கடல்தான் நாம் காணும் மிகப் பெரிய ஃபில்டர். சுத்தமான தண்ணீரே ஒரு மீட்டர் தூரத்தில் 650 நானோமீட்டர் சிவப்பில் நூற்றுக்கு முப்பது பங்கு போல விழுங்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு நூற்றுக்கு மூன்றுதான் மிஞ்சும், பச்சையோ அறுபதுக்கு மேல் இருக்கும். சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் ரத்தத்தின் மேல் சிவப்பு ஒளி விழ வேண்டும் அல்லவா? அது அங்கே இல்லை. ரத்தம் திருப்பி அனுப்பும் சொற்பப் பச்சைதான் கண்ணுக்கு வருகிறது. அடுத்த முறை ஒரு வெள்ளை டார்ச்சைக் கூடவே கொண்டு போய்க் கிட்டத்தில் அடித்துப் பாருங்கள் என்றேன், சிவப்பு திரும்பி வந்துவிடும்.

எத்தனை மில்லிவாட் லேசர் வாங்கலாம்?

ஒரு மில்லிவாட். மில்லிவாட் என்பது லேசரின் சக்தியைச் சொல்லும் அளவு. இந்தப் பக்கத்தில் வரும் சோதனை எல்லாவற்றுக்கும் அது போதும். லேசர்களை ஆபத்தைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு மில்லிவாட் வரைக்கும் 2 ஆம் வகுப்பு. தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் கால் வினாடிக்குள் இமை மூடிவிடும், அது காப்பாற்றும். 5 மில்லிவாட் வரை 3ஆர், அதற்கு மேல் 500 வரை 3பி, அதையும் தாண்டினால் 4 ஆம் வகுப்பு. 3பி லேசர் இமை மூடுவதற்குள் விழித்திரையைச் சுட்டுவிடும், அந்தக் காயம் ஆறாது. தீக்குச்சி பற்ற வைக்கிற நீல லேசர் என்று விற்பதெல்லாம் 4 ஆம் வகுப்பு. சுவரில் விழும் அதன் புள்ளியை உற்றுப் பார்ப்பதே ஆபத்து. என் மாடியில் அதற்கு இடமில்லை.

லேபிளை நம்பாதீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தோட்டத்து சோலார் விளக்கில் இருக்கும் சிறிய சிலிக்கான் தகட்டை மல்டிமீட்டரில் மில்லிஆம்பியர் அளவில் இணைத்து, இருட்டில் புள்ளி முழுவதும் தகட்டின் மேல் விழும்படி வையுங்கள். சிவப்பு லேசரில் ஒரு மில்லிவாட்டுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிஆம்பியர் வரும். துல்லியம் கிடையாது, ஆனால் '1' என்று ஒட்டியிருப்பது உண்மையில் 20 என்றால் காட்டிக் கொடுத்துவிடும்.

வயலட் லேசர் மங்கலாத்தானே இருக்கு, அதைப் பிள்ளைங்க கையில கொடுக்கலாம்ல?

கூடாது. நம் கண் பச்சைக்குப் பழகியது. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டரில்தான் அது அதிகம் உணரும். ஒரே சக்தி என்றாலும் 532 பச்சை, 650 சிவப்பைவிட எட்டு மடங்கு போலப் பிரகாசமாகத் தெரிவது அதனால்தான். 405 வயலட்டோ பச்சையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தெரியாது. கண்ணுக்கு மங்கல் என்பதால் இமை மூடாது, ஆனால் விழித்திரையில் இறங்கும் சூடு அதேதான். மங்கல் என்றால் பத்திரம் என்று நினைப்பது இந்த விளையாட்டில் செய்யக் கூடாத முதல் தப்பு.

வெல்டிங் கண்ணாடி போட்டுக்கிட்டா எந்த லேசரும் ஒண்ணும் செய்யாதுல்ல?

வெல்டிங் கண்ணாடி வெல்டிங் வெளிச்சத்துக்காகச் செய்தது. கூலிங் கிளாஸ் வெயிலுக்காகச் செய்தது. லேசருக்கான கண்ணாடி தனி. எந்த அலைநீளத்துக்கு எத்தனை அடர்த்தி என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு போகும், 2 என்றால் நூற்றில் ஒன்று, 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. 532-க்கான ஆரஞ்சுக் கண்ணாடி 650 சிவப்பை அப்படியே விட்டுவிடும், சிவப்புத் தாள் கேள்வியில் பார்த்ததுபோல. சரியான கண்ணாடி போட்டிருந்தாலும் லேசருக்குள் பார்க்கக் கூடாது. அது தவறிப் படுவதற்கான காப்பு மட்டுமே.

அதைவிட உதவுவது சில பழக்கங்கள். லேசரைச் செங்கல்லில் கட்டி இடுப்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். ஒளி முடிகிற இடத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். வாட்ச், மோதிரம், வளையல், எவர்சில்வர் டம்ளர் எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். குனிந்து ஒளியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டு போகாதீர்கள்.

பச்சை லேசர்ல கண்ணுக்குத் தெரியாத ஒளியும் வருதாமே, நிஜமா?

நிஜம். மலிவான பச்சைப் பாயின்டருக்குள் நேரடியாகப் பச்சை உண்டாவதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. அது 1064 அகச்சிவப்பைத் தருகிறது. இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 பச்சையாக்குகிறது. மிச்சம் இருக்கும் அகச்சிவப்பைத் தடுக்கக் கடைசியில் ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். 2010 இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் சோதித்த ஒரு பாயின்டரில் பச்சையைவிட அகச்சிவப்புதான் அதிகம் இருந்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் டிவி ரிமோட்டை உங்கள் போன் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். பல்ப் மின்னுவது திரையில் தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். அப்புறம் ஒரு அட்டையில் துளை போட்டு, அதன் வழியே லேசரை 20 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்திய சிடியில் நேராக அடியுங்கள். சிடியின் வரிகள் 1.6 மைக்ரான் இடைவெளியில் இருப்பதால் ஒளி பிரிந்து அட்டையில் புள்ளிகளாகத் திரும்பி விழும். துளையிலிருந்து 7 சென்டிமீட்டரில் ஒரு பச்சைப் புள்ளி, 18-க்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது பச்சைப் புள்ளி. இப்போது போனை அட்டையைப் பார்த்துப் பிடித்து 12 சென்டிமீட்டர் பக்கம் தேடுங்கள். கண்ணுக்கு அங்கே வெறும் அட்டைதான். போனில் ஒரு வெளிறிய புள்ளி இருந்தால் அது 808 கசிவு. 1064 எங்கே என்று கேட்பீர்கள். அது 532-இன் சரியான இரட்டிப்பு, அதனால் இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே போய் உட்காரும். போன் கேமராவுக்கு முன் சிவப்புக் கண்ணாடித்தாளை வைத்தால் பச்சை அடங்கும், அகச்சிவப்பு தாளைத் தாண்டி வரும்.

நான் வாங்கிய முதல் பச்சைப் பாயின்டரில் அந்த 12 சென்டிமீட்டர் புள்ளி பளிச்சென்று இருந்தது. அதை இரண்டு வருடம் பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிதாக எந்தப் பச்சை லேசர் வந்தாலும் இப்போது முதல் வேலை இந்தச் சோதனைதான்.

ஒரு மாதிரி கூலிங் கிளாஸ் போட்டா கடலுக்குள்ள பாறை, பாசி எல்லாம் தெளிவாத் தெரியுது. அது என்ன ஃபில்டர்?

அது நிறத்தை எடுக்கும் ஃபில்டர் இல்லை, அதிர்வின் திசையைப் பார்த்து எடுக்கும் போலராய்டு. ஒளி அலை பல திசையில் ஆடும். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் கிடைமட்டமாக ஆடுவதுதான் அதிகம். போலராய்டு அதை நிறுத்திவிட்டால் பளபளப்பு போய் அடி தெரிகிறது. நேர் கீழிருந்து 53 டிகிரி சாய்ந்து பார்க்கும் போது பளபளப்பு ஏறக்குறைய முழுவதும் அடங்கும். பாம்பன் பாலத்தில் நின்று கண்ணாடியைத் தலையோடு சேர்த்து இடமும் வலமுமாகச் சாய்த்துப் பாருங்கள், கடல் திறந்து மூடுவது போல இருக்கும்.

1921 இல் சி.வி. ராமன் கப்பலில் வரும்போது இதைத்தான் செய்தார். கடலின் நீலம் வானத்தின் நிழல் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் போலராய்டு போலவே வேலை செய்யும் நிகோல் பட்டகம் ஒன்றால் அந்த மேற்பரப்புப் பளபளப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது.

போலராய்டை எங்க வாங்குறது? லேசரோட சேர்த்து என்ன செய்யலாம்?

வாங்க வேண்டாம். கெட்டுப்போன கால்குலேட்டர் திரையின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மெதுவாக உரித்தால் அதுவே போலராய்டு. டையோடு லேசரின் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் ஆடுவதால் ஒரு துண்டை முன்னால் சுழற்றினாலே புள்ளி பிரகாசமாகி மங்கும்.

எனக்குப் பிடித்த சோதனை பனங்கற்கண்டு. நம் பக்கத்துப் பனையின் சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் உள்ளே ஒரே பொருள்தான், அது ஒளியின் ஆட்டத் திசையைத் திருப்பும். கரைசல் 100 மில்லி வரும்படி 50 கிராம் கரைத்து, பழுப்பாக இருந்தால் துணியில் வடிகட்டி, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒரு பக்கம் சிவப்பு லேசர், மறுபக்கம் போலராய்டு. வெறும் தண்ணீரில் புள்ளி அணையும் கோணத்தைக் குறித்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரில் மறுபடி தேடினால் முப்பது டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கும். கற்கண்டைப் பாதியாக்கினால் கோணமும் பாதியாகும். வெளிச்சத்தை வைத்து இனிப்பை அளக்கிறீர்கள்!

ஒளி நேர்கோட்டுலதான் போகும்னு புத்தகத்துல இருக்கே, வளைக்க முடியுமா?

முடியும், கல் உப்பை வைத்தே. மீன் தொட்டியில் பாதி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். தனியாக 100 மில்லிக்கு 35 கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து, புனலும் டியூபும் வைத்து அடியில் மெதுவாக இறக்குங்கள். கலக்காமல் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கீழே கனமான உப்புத் தண்ணீரும் மேலே லேசான தண்ணீருமாக, நடுவில் படிப்படியாக மாறும் ஓர் அடுக்கு இருக்கும். அதன் வழியே லேசரைக் கிடைமட்டமாக அடித்தால் கோடு கீழ்நோக்கி வளைந்து போகும். கோடு கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டுப் பால் போதும். நான் முதலில் சோம்பலில் கடல் தண்ணீரையே ஊற்றிப் பார்த்தேன், அதில் உப்பு மூன்றரை சதவீதம்தான், வளைவு தெரியவே இல்லை. வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் முற்றிய தண்ணீர் கிடைத்தால் கரைக்கும் வேலை மிச்சம்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போகும் சாலையில் மத்தியான வெயிலில் தூரத்துத் தார் ஈரமாக மின்னுவதும் இதே காரணத்தால்தான். ஒளி எப்போதும் அடர்த்தியான பக்கமாக வளையும். அங்கே சூடான காற்று கீழே இருப்பதால் வளைவு மேல்நோக்கி.

ஃபில்டர் நிறத்தை மாத்தாதுன்னு சொன்னீங்க. ஆனா முருங்கைச் சாறுல வயலட் அடிச்சா ரத்தச் சிவப்பா வருதே?

ஃபில்டர் மாற்றாது, பொருள் மாற்றும். முருங்கை இலையை இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சையம் இறங்கியிருக்கும். அது வயலட்டை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் சக்தியை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிவப்பாக வெளியே விடுகிறது. இதற்குப் பெயர் ஒளிர்வு. மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் போட்டால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பக்கத்தில் சாம்பிராணியோ விளக்கோ வேண்டாம், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

நம் கரைக்கே உரியது ஒன்று இருக்கிறது. பெண்கள் முங்கி எடுக்கிற கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்புப் பாசி வகை. பச்சையத்தோடு இன்னொரு சிவப்பு நிறமியும் அவற்றில் உண்டு. கரையில் ஒதுங்கிய புதுப் பாசி ஒரு கைப்பிடி போதும். நல்ல தண்ணீரில் கழுவி, அரைத்து, துணியில் பிழிந்தால் இளஞ்சிவப்புச் சாறு வரும். ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், சுட வைக்காதீர்கள், அந்த நிறமி புரதம், கெட்டுவிடும். இதில் பச்சை லேசரை அடித்துவிட்டு ஆரஞ்சுத் தாள் வழியாகப் பக்கவாட்டில் பாருங்கள். தாள் பச்சையைத் தடுத்துவிடும், சாறு தருகிற ஆரஞ்சுக் கோடு மட்டும் நிற்கும். பாசி எடுத்துப் பிழைக்கிற ஒரு அக்கா இதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இதையா சாக்குல கட்டிப் போட்டேன்" என்றார்.

அப்ப ராமன் விளைவும் இந்த ஒளிர்வும் ஒண்ணுதானா?

இல்லை, ஆனால் பார்த்த முறை இதுவேதான். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவதுதான் ராமன் விளைவு. 1928 இல் கல்கத்தாவில் ராமனும் அவரோடு ஆய்வு செய்த கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஊதா ஃபில்டர் வழியாகத் திரவத்துக்குள் விட்டார்கள். வெளியே வருவதை அந்த ஊதாவை முற்றாகத் தடுக்கும் இன்னொரு ஃபில்டர் வழியாகப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்தால் இருட்டு மட்டுமே தெரிய வேண்டும். மெல்லிய வெளிச்சம் மிஞ்சியது. முதலில் பலவீனமான ஒளிர்வு என்றுதான் நினைத்தார்கள். போலராய்டு கேள்வியில் சொன்ன அதே சோதனை முடிச்சை அவிழ்த்தது: அந்த ஒளி ஒரு திசையில் ஆடியது, சாதாரண ஒளிர்வு அப்படி ஆடாது. 1930 இல் ராமனுக்கு நோபல் பரிசு. கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு 1985 வரை நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

புரொஜெக்டர் கண்ணாடியைச் சாய்ச்சா லேசர் போகுது, நேரா வச்சா போகலை. கண்ணாடி கெட்டுப்போச்சா?

கெடவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன திருப்பி அனுப்பும் வகை அது. மெல்லிய பூச்சு அடுக்குகளின் கனத்தால் எந்த நிறம் போகும் என்பது அமைகிறது. சாய்த்தால் அந்த எல்லை சின்ன அலைநீளத்தின் பக்கம் நகரும். சாயத் தாளில் இந்த வேலை நடக்காது. ஒன்று கவனம்: போகாத ஒளி உங்கள் பக்கமே திரும்பி வரும். சாய்க்கும் முன் அது எங்கே போய் விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி கடற்கரையில நின்னு வானத்தைப் பார்த்து அடிக்கலாமா?

வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது, இரவிலும் பறப்பார்கள். தூரத்தில் லேசர் விரிந்து விமானியின் முன் கண்ணாடி முழுவதும் பச்சையாகப் பரவிவிடும், கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் தெரியாது. விமானத்தின் மேல் அடிப்பது சட்டப்படி குற்றம். படகின் மேலும் அடிக்காதீர்கள். இருட்டில் வலை இழுப்பவரின் கண் முழுவதும் விரிந்திருக்கும், சிறு ஒளியும் அதிகமாகப் பாயும்.

நம்ம ஊரு உப்புக் காத்துல இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

கவனித்தால் பல வருடம். பட்டன் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் பித்தளை முனையில் பச்சைப் பொடி பூத்துவிடும். லென்ஸையும் ஃபில்டரையும் மூடி இறுக்கமான டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு போடுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியை வறண்ட துணியால் தேய்த்தால் உப்பே கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் ஒற்றி எடுங்கள்.

சுவத்துல விழுற புள்ளி மணல் மாதிரி மினுங்குதே, என் கண்ணுல கோளாறா?

கோளாறு இல்லை. சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலிருந்தும் சிதறும் ஒளி, ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உங்கள் விழித்திரையில் போடும் கோலம் அது. லேசரில் எல்லா அலைகளும் ஒத்து வருவதால்தான் அது தெரிகிறது, டார்ச்சில் தெரியாது.

ஆனால் கண்ணைப் பற்றி அது ஏதோ சொல்லும். ஒரு மில்லிவாட் சிவப்பு லேசரை லென்ஸால் கையகலத்துக்கு விரித்துச் சுவரில் விழ வைத்து, சில அடி தள்ளி நின்று தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். மணல் தலைக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் கிட்டப்பார்வைக்கான அறிகுறி, தலையோடு சேர்ந்தே ஓடினால் தூரப்பார்வை. போன வருடம் ஒரு பையன் "எனக்கு மட்டும் எதிர்ப்பக்கம் போகுது மாமா" என்றான். அவன் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறான். மணல் அவனுக்கும் நின்ற இடத்திலேயே மினுங்குகிறதாம்.